கவலை நேரமும் சங்கு நேரமும்

எங்க கோயமுத்தூர்ப் பக்கம் பழைய ஆளுக பேச்சுல நேரம் ரெண்டு விதமா வரும். "வெள்ளி முளைக்கறப்ப கவலை பூட்டுனோம்"னு ஒருத்தர் சொல்லுவார். "ரெண்டாஞ் சங்கு ஊதறப்ப கெளம்புனோம்"னு இன்னொருத்தர் சொல்லுவார். முதல் ஆளு தோட்டத்துல பாடுபட்டவர். அடுத்தவர் மில்லுக்குப் போனவர்.

கவலைன்னா மனக்கவலை இல்லீங்க, கிணத்து இறைப்பு. கிணத்தை ஒட்டிச் சரிவா ஒரு பாதை இருக்கும். ரெண்டு எருது அதுல இறங்குனா வடக்கயிறு சாலை மேல இழுக்கும், தண்ணி வாய்க்கால்ல கொட்டும். எருதுக பின்னாலயே நடந்து மேலேறி மறுபடி இறங்கணும். காடு நனையற வரைக்கும் இதே வேலை. இதைச் செஞ்சவங்கள்ல நிறையப் பேரு பண்ணையாளுக. கூலி கம்பும் சோளமும்தான். வருச நடுவுல விட்டுப் போக முடியாது, வாங்குன கடன் புடிச்சு வைக்கும். அருந்ததிய மக்கள் அப்படித் தலைமுறை தலைமுறையா உழைச்சாங்க.

1888-ல ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயமுத்தூர்ல நூல் மில்லு ஆரம்பிச்சார். 1900-த்தை ஒட்டுன வருசங்கள்ல கம்போடியாப் பருத்தி வந்துச்சு. கிணத்துத் தண்ணியில நல்லா வெளையும், இழையும் நீளம். தோட்டத்துக்காரன் கையில காசு பொரண்டுச்சு. அந்தக் காசுல கொஞ்சம் மில்லுகளுக்கு முதலாவும் போச்சு. 1932-ல பைக்காராவுல மின்சாரம் எடுத்தாங்க. அதுக்கப்புறம் மில்லுக மளமளன்னு பெருகுச்சு. 1937-ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கயே மோட்டார் செஞ்சாங்க. மெதுமெதுவா மோட்டார் கிணத்துமேட்டுக்கு வந்து கவலையை ஓரங்கட்டிருச்சு. சாலுக்குத் தோல் தெச்சவங்க கைத்தொழிலும் அதோட போச்சு.

மில்லு சாதியை ஒழிச்சுதான்னு கேட்டா, இல்லீங்க. ஆனா சம்பளத்தைக் காசாக் குடுத்துச்சு. சங்கு ஊதுனா வேலை முடிஞ்சுது, அதுக்கப்புறம் அவன் நேரம் அவனுக்கு. பண்ணையத்துல இருந்தவனுக்கு இது சின்ன விசயமில்ல. தோட்டத்துக்காரங்க "ஆளு கெடைக்கல, மில்லு கெடுத்துருச்சு"ன்னு பொலம்புனாங்க. கெட்டது யாருக்குன்னு யோசிச்சா வேற பதில் வருதுங்க.

மில்லுக்குள்ளயும் எதுவும் சும்மா கெடைக்கல. சங்கம் கட்டிப் போராடித்தான் வாங்குனாங்க. அந்தத் தகராறுகள்ல வந்த ஒரு கொலை வழக்குல சின்னியம்பாளையம் தொழிலாளிக நாலு பேரை 1946 ஜனவரி 8-ல தூக்குல போட்டாங்க. 1948-ல வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம்னு வரம்பு போட்டுச்சு. தோட்டத்து வேலைக்கு அந்தச் சட்டம் வரலீங்க.

பின்னால நிறைய மில்லு மூடிருச்சு. சங்குச் சத்தமும் கொறஞ்சு போச்சு. ஆனா கடிகாரம் எங்களை விடல. எனக்கு இப்ப மூணு பேஸ் கரண்டு வர்ற நேரந்தான் சங்கு. ராத்திரியில வந்தா ராத்திரியில எந்திரிச்சுப் போய் மோட்டார் போடணும். கவலை இறைச்ச காலத்துல கிணத்துல ஊத்து ஊறற வரைக்கும் எருதும் ஆளும் நிக்கணும், அதனால தண்ணிக்கு ஒரு அளவு இருந்துச்சு. மோட்டாருக்கு அந்த நிதானம் இல்ல. கிணறு வத்தி, போர்வெல்லும் ஆழமாப் போய்க்கிட்டே இருக்கு.

பழசு பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன். எருதுக்குப் பின்னால நடந்தவங்க அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. மிஷினு ஆளோட பாரத்தை எறக்குச்சு, அது உண்மை. அந்தப் பாரத்தைத் தண்ணி மேல ஏத்திட்டோம், அதுவும் உண்மை. நகரத்துல இருந்து "கிராமத்து வாழ்க்கை எவ்வளவு நிம்மதி"ன்னு கேக்கறவங்களுக்கு இந்த ரெண்டையும் சேத்துத்தான் சொல்ல முடியுமுங்க.