முப்பது ஆண்டுக் காத்திருப்பு

நான் பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில், புத்தாண்டு பிறக்கும்போது இலண்டனிலிருந்து வரும் ஒரு வகைச் செய்திக்காகக் காத்திருப்பது வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய பிரித்தானிய அரசாங்கக் கோப்புகள் அவ்வேளையிற்றான் பகிரங்கமாகும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் இக்காத்திருப்பை 50 ஆண்டுகளாக வகுத்தது. 1967இல் அது 30 ஆகக் குறைந்தது. 2010இல் இயற்றப்பட்ட சட்டம் அதனை 20 ஆக்கியது.

உரிய காலம் வந்தால் உண்மை தானாகவே வெளிவரும் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தது கென்ய முதியவர்களின் வழக்கு.

1950களின் மௌ மௌ எழுச்சியின்போது தடுப்பு முகாம்களில் வதைபட்ட அவர்கள், 2009இல் இலண்டன் நீதிமன்றத்தை நாடினர். காணாமற்போன கோப்புகளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் விடாது வினவினர். 2011இல் உண்மை வெளியானது. 37 முன்னாள் காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்னுமிடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. இலங்கைக் கோப்புகளும் அவற்றுள் அடங்கும். சங்கடம் விளைவிக்கக்கூடிய பத்திரங்களைச் சுதந்திரம் பெறும் நாடுகளிடம் ஒப்படைக்கலாகாது என 1961இலேயே காலனித்துவச் செயலாளர் மக்லியோட் பணித்திருந்தார். பல கோப்புகள் எரிக்கப்பட்டும் இருந்தன. எஞ்சியவை வழக்கிற்கு வலுச்சேர்த்தன. 2013இல் 5,228 பேருக்கென 19.9 மில்லியன் பவுண் வழங்க பிரித்தானியா இணங்கியது.

நமக்கோ அந்த வாய்ப்பும் முழுமையாகக் கிட்டவில்லை. 1978 முதல் 1980 வரையான இலங்கை தொடர்பான கோப்புகளில் நூற்றுக்கு மேற்பட்டவை அழிக்கப்பட்டுவிட்டதை பிரித்தானிய வெளியுறவு அலுவலகம் ஒப்புக்கொண்ட செய்தி 2018இல் வெளிவந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் பிறந்த 1979ஆம் ஆண்டும் அக்காலத்துள் அடங்குகிறது. முப்பது ஆண்டுகள் காத்திருந்த ஆய்வாளனுக்குக் கிடைத்தது கோப்பு அன்று, அது இல்லையென்ற பதில்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையை நமக்குத் தந்துள்ளது. ஆனால் சாம்பலிடம் எந்த உரிமையும் செல்லாது. ஆகவே ஆவணம் எப்போது திறக்கப்படும் என்று மட்டும் கேட்பது போதாது. அது இன்னும் இருக்கிறதா என்பதையும் இன்றே கேட்டாக வேண்டும். கென்ய முதியவர்களுக்குக் கதவைத் திறந்தது நாட்காட்டியன்று, விடாது கேட்டவர்களின் குரலே.