மூன்றாண்டுகளுக்குப் பகிர்ந்த வரி

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கை, அதாவது பணத்தைப் போடும்போது வரிவிலக்கும் எடுக்கும்போது வருமான வரியும் கொண்ட சேமிப்பை, உருவாக்கியபோது, ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுப்போர்மீது 10 விழுக்காடு தண்டவரியையும் சேர்த்தே விதித்தது. எனினும், பெருந்தொகை ஒரே ஆண்டின் வருமானத்தில் ஏறுவதால் அதன் மேற்பகுதி உயர்ந்த வரிவிகிதத்தில் சிக்குவது பலருக்குத் தண்டவரியைவிட அதிகமாகவே உறைத்திருக்கும்.

1998இல் ராத் கணக்குக்கு, அதாவது வரியை முன்னதாகவே கட்டிவிடும் வகைக்கு, மாறியோர், மாற்றியதால் வருமானமாகக் கணக்கிடப்பட்ட தொகையை நான்காண்டுகளுக்குப் பகிர்ந்து காட்டலாம் என்ற சலுகை இருந்தது. அது துயர்துடைப்பன்று, மாறுவோரை ஈர்க்கும் தூண்டில். துயர்துடைப்பாக இம்முறை வந்தது 2005இல், கத்ரினா புயலுக்குப் பின்னர்தான்: பாதிக்கப்பட்டோர் 1,00,000 டாலர் வரை தண்டவரியின்றி எடுத்து, மூன்றாண்டுகளில் சமபங்காகக் கணக்குக் காட்டலாயினர். கொரோனாக் காலத்துச் சட்டம் 2020இல் அதே அளவைகளை மீண்டும் கையாண்டதால், அவ்வாண்டில் 60,000 டாலர் எடுத்தவர் ஆண்டுக்கு 20,000 வீதம் 2022 வரை காட்ட முடிந்தது; மூன்றாண்டுக்குள் தொகையைத் திரும்பப் போட்டால், கட்டிய வரியையும் திருத்திய படிவத்தின் வழியே மீட்க முடிந்தது. 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் பேரிடர்களுக்கு இதை நிரந்தரமாக்கியபோது, உச்சவரம்பை மட்டும் 22,000 டாலராகச் சுருக்கிவிட்டது.