மத்தியின் தாய்வழிச் சுவடி

மலபார்க் கடற்கரையின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுவோர் மத்தி எனப்படும் நெய்ச்சாளையைத் தவிர்க்க இயலாது. அதன் எண்ணெயும் உரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏற்றுமதிச் சரக்குகளாயின. 1847இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் இம்மீனுக்குச் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ் என்று பெயரிட்டார். அவர் ஆராய்ந்த மாதிரிகள் புதுச்சேரியிலிருந்து பாரிசுக்குச் சென்றவை.

மத்தி சில ஆண்டுகளில் கரைகொள்ளாமல் குவியும். சில ஆண்டுகளில் ஏறக்குறைய மறைந்துவிடும். குற்றம் வலையினுடையதா, கடலினுடையதா? 1924இல் ஜேம்ஸ் ஹார்னெலும் நாயுடுவும் இம்மீனின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து எழுதினர். 1943இல் சென்னை மாகாண அரசு இளமீன் பிடிப்புக்குக் கட்டுப்பாடு விதித்தது. பின்னர் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆயினும் வினா தீரவில்லை. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 இலட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் கிடைத்தது 3,297 டன் மட்டுமே.

இப்பழைய வழக்கில் புதியதொரு சான்றாக வந்து சேர்ந்ததே மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதி. 1981இல் கேம்பிரிட்ஜில் மனிதனின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. முழுமையாக வரிசைப்படுத்தப்பட்டது, அதன் நீளம் 16,569 கார இணைகள். மீன்களிலும் இதன் அமைப்பு பெரிதும் அதுவே: வளைய வடிவம், புரதங்களுக்கான 13 மரபணுக்கள், 22 கடத்து ஆர்.என்.ஏ., 2 ரைபோசோம் ஆர்.என்.ஏ., விரைந்து மாறும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி. மத்தியின் வளையத்தைக் கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் வரிசைப்படுத்தினர். அதே நிறுவனத்தார் வெவ்வேறு கடற்பகுதிகளின் மீன்களை ஒப்பிட்டு, உயிரணுவின் ஆற்றல் உற்பத்திக்குரிய மரபணுக்களில் இயற்கைத் தேர்வின் தடயங்கள் உள்ளன என 2020இல் வெளியிட்டனர். வெப்பமும் உயிர்வளியும் மாறுபடும் கடல்களில் வாழும் மீனுக்கு ஆற்றல் உற்பத்தி அடிப்படையானது என்பதால், இம்முடிவு கவனத்திற்குரியது.

வரலாற்று மாணவர்கள் இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். எந்தச் சுவடியும் எழுதியவனின் பக்கத்தையே சொல்லும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே கடத்தப்படுவது. தந்தைவழிக் கலப்பை அது பதிவுசெய்வதில்லை. மேலும், அதன் மாற்றங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கணக்கு. பிடிப்பின் ஏற்றத்தாழ்வோ பத்தாண்டுகளின் கணக்கு. எனவே 2021இன் வீழ்ச்சிக்கு இவ்வளையத்திடம் நேரடி விடை கேட்பது தவறு. ஒரு கடற்பகுதியின் கூட்டம் அழிந்தால் மற்றொன்று அவ்விடத்தை நிரப்புமா என்பதற்கே அது துணைச்சான்று ஆகும். கரு டி.என்.ஏ.யும் பிடிப்புக் கணக்கும் கடல்நீரின் பதிவுகளும் உடன்வைத்துப் படிக்கப்பட வேண்டும்.

இது ஏட்டளவிலான எச்சரிக்கை அன்று. 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கேரளத்தில் இன்று தடை உள்ளது. 1943இன் ஆணையைப் போலவே அதன் சுமையும் முதலில் விழுவது வலைவீசுவோர் மீதுதான். தடை தேவையானதாகவே இருக்கலாம். ஆனால் ஒருவரின் பிழைப்பைக் கட்டுப்படுத்தும் ஆணைக்கு அடிப்படையான சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அவருக்கு விளக்குவது ஆய்வாளரின் கடமை.