மலிவு என்னும் சொல்

மலிவு என்றவுடன் இன்று நம் மனம் விலைப்பட்டியலுக்குத் தாவுகிறது. சொல்லின் வேரிலோ விலை இல்லை. 'மலி' என்றால் நிறை, பெருகு. ஆற்றில் நீர் மலிந்தது என்றும், ஊரில் வளம் மலிந்தது என்றும் முன்னோர் வழங்கினர். பொருள் பெருகினால் விலை தானே இறங்கும். அந்த விளைவுக்கும் நம் மொழி பெருக்கத்தின் பெயரையே இட்டது. உருதுவழி வந்த சல்லிசிலும், உதவி எனப் பொருள்படும் வடசொல்லான சகாயத்திலும் இந்தக் காரணம் புலப்படாது. 'நயம்' மட்டும் தனி அழகுடையது. நயமான சரக்கு எனில் உயர்ந்தது, நயமான விலை எனில் எளியது.

ஜொகூரில் வாழும் நமக்கு இதை விளக்க அயலில் செல்ல வேண்டியதில்லை. மலாய் மொழியின் 'மூரா' என்ற சொல்லும் மலிவையே குறிக்கும். ஆனால் 'மூரா ஹாத்தி' என்பது வள்ளன்மை, 'மூரா ரெசெக்கி' என்பது பிழைப்பில் பெருக்கம். வேறு குடும்பத்து மொழியும் ஏறத்தாழ இதே வழியில் நடந்திருக்கிறது.

1942 சனவரி இறுதியில் ஜொகூர் ஜப்பானியர் வசமாயிற்று. மலாயா தன் அரிசியில் பாதிக்கு மேல் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து பெற்று வந்தது. அவ்வரவு சுருங்கியதும் தோட்டத் தமிழர் மரவள்ளிக்கிழங்கால் வயிறு நிரப்பினர். மறுபுறம், வாழை பொறித்த பத்து வெள்ளித் தாள்கள் கணக்கின்றி அச்சாகி வந்தன. நாட்டில் மலிந்தது தாள் ஒன்றே; ஆகவே மதிப்பிழந்ததும் அதுவே. 1945இல் ஆங்கிலேயர் திரும்பியபோது அது செல்லாது என்றனர். கூலியாகப் பெற்றுச் சேர்த்தவர் கையில் எஞ்சியது வெறுங்காகிதம்.

'மலிவான அரசியல்', 'மலிவான விளம்பரம்' என்று இழிபொருளில் எழுதுவது அண்மைக்கால வழக்கு; அதில் ஆங்கிலத்தின் சாயல் இருப்பதாகவே கருதுகிறோம். மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களை மலிவுப் பதிப்பாக வெளியிட்டபோது நூலின் தரத்தை யாரும் ஐயுறவில்லை. எளியவர் வீட்டிலும் நூல் பெருகட்டும் என்பதே அச்சொல்லின் கருத்து. தீபாவளிச் சந்தையில் 'மலிவு விற்பனை' என்று பலகை எழுதும் நம் வணிகர் அதைக் 'குறைந்த விலை' என மாற்ற வேண்டியதில்லை என்பதே நம் பரிந்துரை.