கூம்புப் பற்சக்கரங்களின் வரலாறு

கூம்புப் பற்சக்கரம் (பெவல் கியர்) என்பது, ஒன்றையொன்று சந்திக்கும் திசைகளில் அமைந்த இரண்டு தண்டுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்தும் பற்சக்கரம் ஆகும். பெரும்பாலும் அத்தண்டுகள் செங்கோணத்தில் அமைந்திருக்கும். தச்சர்கள் கையால் சுற்றித் துளையிடும் கருவியில் இதை வெளிப்படையாகவே காணலாம். செங்கோணத்தில் சேரும் இரண்டு சக்கரங்களிலும் பற்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் அவை மைட்டர் கியர் எனப்படும். அவை திசையை மட்டுமே மாற்றும், வேகத்தை மாற்றா.

மரமும் இரும்பும்

சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் தேவை மிகப் பழையது. ஆறு நீர்ச்சக்கரத்தை நிமிர்ந்த நிலையில் சுழற்றுகிறது. மாவரைக்கும் கல்லோ படுத்த நிலையில் சுழல வேண்டும். கி.மு. முதலாம் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் இத்தகைய நீராலை ஒன்றை விவரித்துள்ளார். வட இந்தியாவில் மாடு பூட்டி நீர் இறைத்த பாரசீகச் சக்கரத்திலும் இதே ஏற்பாடுதான். பாபர் தமது நினைவுக் குறிப்புகளில் லாகூர்ப் பகுதியில் கண்ட அதை எழுதியிருக்கிறார்.

இவற்றின் பற்கள் மர முளைகளே. முளையும் முளையும் ஒரு சிறு இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்ளும். மாட்டின் நடை வேகத்துக்கு அது போதும். ஆனால் நீராவி இயந்திரத்தின் வேகத்துக்கும் வலிமைக்கும் அது தாங்காது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வார்ப்பிரும்புச் சக்கரங்கள் வந்தன. 1786இல் இலண்டனில் திறக்கப்பட்ட ஆல்பியன் மாவாலையில் ஜான் ரென்னி அவற்றைப் பெருமளவில் பயன்படுத்தினார். ஆனால் இரும்போடு இரும்பு மோதும் இரைச்சல் பெரிதாக இருந்தது. ஆகவே பல ஆலைகளில் பெரிய சக்கரத்தின் இரும்பு விளிம்பில் துளைகள் விட்டு, அவற்றில் மரப்பற்களைச் செருகினார்கள். ஓசை குறைந்தது, பல் உடைந்தாலும் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆலைக் கைவினைஞர்கள் மற்றொரு நுட்பத்தையும் கையாண்டனர். 20, 60 என்று வகுபடும் எண்களில் பற்களை வைத்தால் ஒரே பற்கள் திரும்பத் திரும்பச் சந்தித்துச் சீரற்றுத் தேயும். 20, 61 என்று வைத்தால் ஒவ்வொரு பல்லும் மறு சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்துவிடும்.

பல்லை வெட்டுவதில் இருந்த சிக்கல்

இரண்டு ஐஸ்கிரீம் கூம்புகளை அவற்றின் உச்சிகள் ஒரே புள்ளியில் சேரும்படி பக்கவாட்டில் ஒட்டி வைத்து உருட்டினால், அவை வழுக்காமல் உருளும். கூம்புப் பற்சக்கரத்தின் அடிப்படை இதுதான். மைட்டர் கியரில் ஒவ்வொரு கூம்பின் சாய்வும் 45 பாகை. 20 பற்களும் 40 பற்களும் சேர்ந்தால் ஏறத்தாழ 26.6, 63.4 பாகை. எனவே ஒரு விகிதத்துக்கென வெட்டிய சக்கரத்தை வேறொன்றோடு சேர்க்க இயலாது.

பற்களும் உச்சியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே செல்ல வேண்டும். வெளிப்புறத்தில் தடித்தும் உட்புறத்தில் மெலிந்தும் இருக்கும் இந்தப் பல்லை, மாறாத வடிவமுடைய சுழல் வெட்டியால் சரியாக வெட்ட முடியாது. ஒரு முனையில் பொருந்தினால் மறுமுனையில் பொருந்தாது. மீதியைத் தொழிலாளர் அரத்தால் ராவிச் சரிசெய்தார்கள்.

1874இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய வில்லியம் கிளீசன் இதற்கு ஓர் இயந்திரம் செய்தார். அதில் ஒற்றை உளி முன்னும் பின்னும் சென்று இழைக்கும். உளி செல்லும் கோடு எப்போதும் கூம்பின் உச்சியை நோக்கியே இருக்கும். பல்லின் வளைவை ஒரு வழிகாட்டித் தகடு தரும்.

கேட் கிளீசன்

நல்ல இயந்திரம் இருந்தும் தொழில் எளிதில் நடந்துவிடவில்லை. மூத்த மகன் இறந்தபின் வில்லியத்துக்குத் துணையாகப் பட்டறைக்கு வந்தவர் மகள் கேட். அப்போது அவர் சிறுமி. 1884இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பட்டறை கடன் நெருக்கடியில் சிக்கியதால் படிப்பை விட்டுத் திரும்ப நேர்ந்தது. பெண்கள் பட்டறைக்குள் நுழைவதே விந்தையாகக் கருதப்பட்ட அக்காலத்தில், ஆலை ஆலையாகச் சென்று இயந்திரங்களை விற்றார். 1893இல் ஐரோப்பாவுக்கும் சென்று ஆணைகள் பெற்று வந்தார். அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்றுகூடச் சிலர் எழுதினர். அது சரியன்று, கண்டுபிடிப்பு தந்தையுடையது. ஆனால் கேட் இல்லாவிட்டால் அது ரோச்செஸ்டரைத் தாண்டியிருக்குமா என்பது ஐயமே. 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் அவரை முழு உறுப்பினராக ஏற்றது; அத்தகுதி பெற்ற முதல் பெண் அவர்.

மிதிவண்டியிலிருந்து மோட்டார் வாகனத்துக்கு

1890களின் இறுதியில் சங்கிலியில்லா மிதிவண்டிகள் வந்தன. சங்கிலிக்குப் பதில் ஒரு தண்டும் இரண்டு இணைக் கூம்புப் பற்சக்கரங்களும் அவற்றில் இருந்தன. விலை அதிகம், சங்கிலி மேம்பட்டதும் அவை மறைந்தன. ஆனால் மோட்டார் வாகனத்தில், முன்னாலுள்ள எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குத் திருப்ப இதே சக்கரம் தேவைப்பட்டது.

நேர்ப்பற்கள் கொண்ட சக்கரத்தில் பல் முழு நீளத்திலும் ஒரே நேரத்தில் மோதும். பல்லின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 1000 அடியைத் தாண்டினால் ஓசையும் அதிர்வும் மிகும். 1913 வாக்கில் வந்த சுருள் கூம்புப் பற்சக்கரத்தில் பற்கள் வளைந்திருந்தன. ஒரு பல் விலகுமுன்பே அடுத்த பல் பாரத்தை ஏற்றுக்கொண்டதால் ஓட்டம் அமைதியானது. ஆனால் அது தண்டை அச்சின் திசையில் தள்ளும். அதைத் தாங்கத் தகுந்த பேரிங் வேண்டும். மெதுவாகச் சுழலும் எளிய கருவிகளுக்கு நேர்ப்பல்லே இன்றும் சிக்கனமானது.

1920களின் நடுவில் கிளீசன் நிறுவனத்தின் எர்ன்ஸ்ட் வில்ட்ஹாபர் ஹைப்பாய்டு பற்சக்கரத்தை வடிவமைத்தார். இதில் சிறு சக்கரத்தின் தண்டு பெரிய சக்கரத்தின் மையத்துக்குக் கீழே இறக்கப்பட்டது. பேக்கார்டு நிறுவனம் இதை முதலில் ஏற்றது. காரின் தளத்தைத் தாழ்த்த முடிந்தது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால் சாதாரண எண்ணெய் போதாது. அதிக அழுத்தம் தாங்கும் கியர் எண்ணெய் தேவை.

நம் ஊர் லாரிப் பட்டறைகளில் கிரவுன், பினியன் என்று சொல்லப்படுபவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டுத் தேய்த்துப் பொருத்தி, ஜோடி எண் இடுகிறார்கள். அதனால்தான் பினியன் மட்டும் உடைந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது.