ஒல்லாந்தர் வரைந்த நிலப்படங்களும் அமெரிக்க ஊர்ப்பெயர்களும்

பழைய நிலப்படங்களைத் திரட்டுவோர் அவற்றின் வண்ணத்தையும் அருமையையும் நோக்கி விலை மதிப்பர். மொழியியல் பயில்வோர்க்கு அவற்றின்மேல் எழுதப்பட்டுள்ள பெயர்களே முதற்பொருள். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வட அமெரிக்கக் கிழக்குக் கரையைக் குறித்து வரைந்த படங்கள் அவ்வகையில் பெருஞ்சான்றுகளாம்.

ஏட்ரியன் பிளாக் என்னும் கடலோடியின் பயணங்களின் பயனாக எழுந்த படம் 1614-இல் டச்சு ஆட்சி மன்றத்தின்முன் வைக்கப்பட்டது. 'புதிய நெதர்லாந்து' என்ற பெயர் முதன்முதலில் காணப்படுவதும், மன்ஹாட்டன் ஒரு தீவாகக் காட்டப்பெற்றதும் அதில்தான். வணிகத் தனியுரிமை வேண்டி அளிக்கப்பட்ட அப்படத்தில் 'மன்ஹாட்டெஸ்', 'மஹிக்கன்', 'பெக்குவாட்' எனத் தொல்குடி மக்களின் பெயர்களும் உள. அம்மக்கள் தம் மொழியை எழுதிவைத்தாரல்லர். டச்சுச் செவி கேட்டதும் டச்சு நெடுங்கணக்கு தாங்கியதுமே நமக்கு எஞ்சின. மன்ஹாட்டன் என்பதன் பொருளை அறிஞர் இன்றளவும் பலவாறு உரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளாக்கின் படத்தை அடியொற்றி வில்லெம் பிளாவ் 1635-இல் வெளியிட்ட படத்தில் மேற்குத்திசை மேற்புறத்தில் அமைந்துள்ளது. பீவரும் வான்கோழியும் அழகுற இடம்பெற்றுள்ளன. ஆயினும் சாம்ப்ளேன் ஏரி தன் இடத்தைவிட்டு வெகுதொலைவு கிழக்கே தள்ளப்பட்டிருக்கிறது. அழகு வேறு, அளவை வேறு.

1651-இல் யான்சோனியஸ் வெளியிட்ட படத்தைப் பின்பற்றி விஸ்சர் தம் படத்தில் நியூ ஆம்ஸ்டர்டாம் நகரின் காட்சியைச் சேர்த்தார். 1664-இல் அந்நகரை ஆங்கிலேயர் கைக்கொண்டு நியூயார்க் எனப் பெயர் மாற்றினர். 1673-இல் டச்சுக்காரர் அதனை மீட்டனர். அவ்வெற்றியைக் கொண்டாடும் புதிய நகர்க்காட்சியுடன் ஹியூகோ அலார்ட் ஒரு படம் வெளியிட்டார். மறு ஆண்டே உடன்படிக்கையால் நகர் மீண்டும் ஆங்கிலேயருக்குரியதாயிற்று. ஆட்சி போயிற்று, பதிப்பாளரின் செப்புத்தகடுகள் போகவில்லை. டச்சுப் பெயர்கள் அதன்பின்னும் நெடுநாள் அச்சேறிவந்தன.

புரூக்கெலன் புரூக்ளின் ஆயிற்று. ஹார்லெம் ஒலி சிறிதே திரிந்து நின்றது. விலிசிங்கன் 'ஃப்ளஷிங்' ஆனது அமெரிக்க மண்ணில் நேர்ந்த சிதைவு எனச் சிலர் எழுதுவது பொருந்தாது. அப்பெயருடைய டச்சுத் துறைமுகத்தையே ஆங்கிலேயர் முன்னரும் அவ்வாறுதான் வழங்கினர். 'கில்' என்பது டச்சில் நீரோடை. இன்று 'ஸ்கூல்கில் ஆறு' என்போர், நம் பேச்சுவழக்கில் 'நடுசென்டர்' என்பார்போல, ஒரு பொருளை இருமுறை சொல்கின்றனர்.

ஏட்ரியன் பிளாக்கின் பெயரைத் தாங்கிய தீவொன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உளது. அங்கு முன்னரே வாழ்ந்த மக்கள் அதனை மானிசஸ் என்றழைத்தனர்.