கொடுமணலுக்கு ஒரு நாள்

மலர்க் குழுவினர் என்னைப் பிடித்து, "நம்ம பக்கம் பார்க்க வேண்டிய இடங்களைப் பத்தி எழுதிக் குடுங்க, பழைய மாணவர்கள் குடும்பத்தோட வர்றாங்க, உபயோகமா இருக்கும்" என்றார்கள். தலையாட்டிவிட்டேன். பிறகுதான் யோசனை வந்தது. ஊட்டியும் கொடிவேரியும் பவானிசாகரும் யாருக்குத் தெரியாது? அவற்றுக்கு வழி சொல்ல ஒரு கட்டுரை எதற்கு? ஆகவே சென்னிமலையைச் சுற்றி ஒரே நாளில் பார்க்கக்கூடிய சில இடங்களை மட்டும் எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இவற்றில் மிக முக்கியமான இடத்தில் போய் நின்றால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது.

காலையில் சென்னிமலை. முருகன் கோயிலுக்கு 1320 படிகள். முழங்கால் இடம் கொடுக்காத என் வயதுக்காரர்களுக்கு மலைப்பாதையில் வண்டி போகும். கந்த சஷ்டி கவசத்தில் வரும் 'சிரகிரி' இந்த மலைதான். 1984-இல் இரட்டை மாட்டு வண்டி ஒன்று படிகளிலேயே மேலே ஏறியதை ஊரில் இன்றும் பேசுவார்கள். இறங்கி வந்தால் தறிச் சத்தம். சென்னிமலைப் போர்வை வாங்காமல் வீட்டம்மாக்கள் திரும்பப்போவதில்லை, அதனால் அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பறவை பார்க்கிறவர்கள் ஈரோடு போகும் வழியில் வெள்ளோட்டில் இறங்கலாம். அங்கே உள்ள பெரியகுளம் ஏரி பறவைகள் சரணாலயம். 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கார்த்திகை தொடங்கி மாசி வரை போனால் கூழைக்கடாக்களைப் பார்க்கலாம். சித்திரையில் போய்விட்டு என்னைத் திட்ட வேண்டாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததுக்கு வருகிறேன்.

ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் ரோட்டில் அறச்சலூர். பக்கத்தில் நாகமலை. அதில் ஆண்டிப்பாறை என்று ஊரார் சொல்லும் ஒரு குகைத்தளம். முள்ளை விலக்கிக்கொண்டு ஏற வேண்டும். பாறையில் பழைய தமிழ் எழுத்துகள், தமிழிதான் என்றாலும் கொஞ்சம் பிற்காலத்து வடிவம், வரிக்கு ஐந்து, ஐந்து வரி என்று கட்டம் கட்டியதுபோல் வெட்டப்பட்டிருக்கின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும் அதே ஒலிக்கோர்வை வரும். தாளத்துக்கான சொற்கட்டு, தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய இசைக் கல்வெட்டு என்கிறார்கள். இதைக் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னவர் ஈரோட்டுப் புலவர் செ. இராசு. 

பக்கத்திலேயே இந்த எழுத்துகளைக் கோத்தவன் பெயரும் இருக்கிறது: வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் பொன்னையும் காசையும் மணியையும் சோதித்துத் தரம் சொல்கிறவன். மணி சோதிக்கிறவனுக்கு இந்த வறண்ட காட்டில் என்ன வேலை? கல்லூரியில் படித்தபோது எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல், "வர்ற ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்குக் காசு கொண்டாங்க" என்றார். அப்படித்தான் 1986-இல் நாங்கள் பதினோரு பேர் கொடுமணல் போனோம்.

கொடுமணல் சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர், நொய்யலின் வடகரையில். பதிற்றுப்பத்தில் வரும் 'கொடுமணம்' இந்த ஊர்தான். கபிலரும் அரிசில்கிழாரும் பாடியிருக்கிறார்கள். 1961-இல் மத்தியத் தொல்லியல் துறையினர் சிறிதாக ஒரு குழி போட்டுப் பார்த்தார்கள். பெரிய அளவில் தோண்டத் தொடங்கியது 1985-இல், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார். எ. சுப்பராயலு, கா. ராஜன், புலவர் இராசு ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். பின்னாளில் ராஜன் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சார்பிலும் தோண்டினார். 2020-இல் மாநிலத் தொல்லியல் துறையும் வேலை செய்தது.

நாங்கள் போனபோது என்ன பார்த்தோம்? சோளக்காடு, வேலி, நடுநடுவே வட்டமாக நட்ட கற்கள். அவ்வளவுதான். அந்த வட்டங்களின் கீழே பலகைக் கற்களால் கட்டிய பெட்டிபோன்ற கல்லறைகள். ஒரே கல்லறையில் 2220 சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. இந்தச் சூதுபவளம் நம் மண்ணில் விளைகிற கல் அல்ல, குஜராத் பக்கத்திலிருந்து வந்தது. நீலக்கல் சிவன்மலையில் கிடைக்கும். பெரில் என்னும் நீலப்பச்சைக் கல்லுக்குக் காங்கேயம் - திருப்பூர் ரோட்டில் உள்ள படியூர். அந்தப் படியூரில் 1819-20-இல்கூட வெள்ளைக்காரர் ஒருவர் பெரில் எடுத்திருக்கிறார். ரோமாபுரியில் இந்தியப் பெரிலுக்கு இருந்த மவுசைப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதற்கு அவர்கள் கொடுத்த விலைதான் நம் பக்கம் கத்தாங்கண்ணியிலும் வெள்ளலூரிலும் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகள். மேற்குக் கரைத் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் போகும் பெருவழி இந்த ஆற்றை ஒட்டித்தான் போனது.

கொடுமணலில் முழு மணி மட்டும் கிடைக்கவில்லை. பாதி துளையிட்டது, துளையிடும்போது உடைந்தது, தேய்க்காத கல், சில்லு என்று எல்லாம் கிடைத்தன. ஆகவே இது சும்மா வாங்கி விற்ற சந்தை அல்ல, பட்டறைகள் இருந்த தொழில் ஊர். இரும்பு உருக்கிய உலைகளும் இருந்தன. உடைந்த பானை ஓடுகளில் தமிழியில் பெயர்கள். கண்ணன் ஆதன் என்று ஒருவன். 'நிகம' என்று ஒரு ஓட்டில், வணிகர் குழு என்று பொருள். தன் சோற்றுப் பானையில் தானே பெயர் எழுதிவைக்கிற அளவுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுத்து புழங்கிய ஊர் இது. வண்ணக்கனுக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது அல்லவா?

அன்று காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களிடம் வந்தார். "ஏங்கண்ணு, காலேசுப் புள்ளைங்களா? மழை பேஞ்சு வெறிச்சா இங்க பாசி மின்னும். எங்க புள்ளைங்க பொறுக்கும். வெளியூரு யாவாரி வந்து வாங்கீட்டுப் போவான்" என்றார். "எத்தனைக்குங்க அப்பாரு?" என்று கேட்டேன். "முட்டாயிக் காசுதான்" என்று சிரித்தார். அப்புறம் நாங்களும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தோம். பஸ் ஏறுமுன் பேராசிரியர் எல்லோருடைய பாக்கெட்டையும் காலி செய்யச் சொன்னார். எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்தால்தான் மணி பேசும், உங்க பாக்கெட்டில் அது வெறும் பாசி என்று அரை மணி நேரம் பாடம். எல்லோரும் கொடுத்தார்கள். நான் மட்டும் ஒன்றைச் செருப்புக்கும் காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சிவப்பு மணி, மிளகைவிடச் சற்றுப் பெரியது. என் ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்து, பீரோ லாக்கருக்குப் போய், இன்றும் இருக்கிறது. என் மகள் ஒருமுறை கேட்டாள், "இது எந்தக் காலத்துதுப்பா?" எனக்குத் தெரியவில்லை. இப்போது யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சோளக்காட்டில் எந்த மூலையில் எடுத்தேன் என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை.

கல்வட்டங்களில் பல இன்று இல்லை. காட்டைச் சமன் செய்ய ஜேசிபி ஒரு நாள் ஓடினால் போதும். சொந்தக் காட்டில் கல்லை எடுக்காதே என்று விவசாயியிடம் நாம் எப்படிச் சொல்வது? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்த எனக்கு அந்த உரிமையும் இல்லை.

கொடுமணலிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் ஒரத்துப்பாளையம் அணை. இதையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன், அழகுக்காக அல்ல. சுமார் இருபதாயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்று 1992-இல் கட்டி முடித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வளர்ந்து, நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் இறங்கியது. அணை தண்ணீரைத் தேக்கவில்லை, சாயத்தையும் உப்பையும் தேக்கியது. கீழே எங்கள் சித்தப்பாவுக்குத் தோட்டம். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தென்னை குரும்பையிலேயே கொட்டிவிடும். "தண்ணி இல்லாம கெட்டவன் உண்டு. தண்ணி வந்து கெட்டது நாங்கதான் சாமி" என்பார். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியும் நிற்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூடச் சொன்னது. சுத்திகரிப்பு முறை வந்த பிறகுதான் மறுபடி திறந்தார்கள். தண்ணீர் தேக்கக் கட்டிய அணையைத் தேக்காமல் காலியாக வைத்திருக்க வேண்டியதாயிற்று. பனியனால் நம் வட்டாரத்தில் எத்தனை ஆயிரம் குடும்பம் சாப்பிட்டது என்பதும் எனக்குத் தெரியும். நம் கல்லூரி நண்பர்கள் பலர் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். அவர்களும் வந்து அணைக்கரையில் நிற்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சந்திப்புக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். வர விரும்புகிறவர்கள் காலை ஏழு மணிக்குக் கல்லூரி வாசலுக்கு வந்துவிடுங்கள், இப்போது படிக்கிற தம்பி தங்கைகளும் சேர்த்துத்தான். அறச்சலூரில் ஏறுவதற்குச் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கொடுமணல் காட்டுக்குள் டீக்கடையை எதிர்பார்க்க முடியாது, சென்னிமலையிலேயே சாப்பிட்டுவிடுவோம். திரும்பும்போது ஈரோடு அரசு அருங்காட்சியகத்தில் எனக்குப் பத்து நிமிஷ வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தால் திங்கட்கிழமை நான் மட்டும் போய்க்கொள்கிறேன்.